மனநலத்துக்கு உதவும் கைப்பட்டை: எதைப் பார்த்து வாங்குவது?

‘உங்கள் மன அழுத்தம் 72’ என்று ஒரு கைக்கடிகாரம் காட்டுகிறது. எதன் 72? எங்கிருந்து வந்தது இந்த எண்? பெங்களூரின் அல்சூரிலும் ராமமூர்த்தி நகரிலும் சிவாஜி நகரிலும் வாழும் நம் வீடுகளில் ஃபிட்னஸ் பேண்ட் இன்று பிறந்தநாள் பரிசாகவும், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பொருளாகவும் ஆகிவிட்டது. பெட்டியின் மேல் ‘மனநலத்துக்கும் உதவும்’ என்று ஒரு வரி இருந்தால் கூடுதலாகச் சில ஆயிரம் ரூபாய் கொடுக்கவும் தயங்குவதில்லை. அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

மனத்தை நேரடியாக அளக்கும் கைப்பட்டை எதுவும் கிடையாது. பட்டைகள் அளப்பது உடலை: இதயத் துடிப்பு, கையின் அசைவு, தோலின் வெப்பம், சிலவற்றில் வியர்வை. இந்த அளவுகளை ஒரு சூத்திரத்தில் போட்டு, கிடைக்கும் விடைக்கு ‘ஸ்ட்ரெஸ் ஸ்கோர்’ என்று பெயர் வைக்கிறார்கள். சூத்திரம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. கார்மின் என்ற நிறுவனத்தின் கடிகாரங்களில் 0 முதல் 25 வரை ஓய்வு, 26 முதல் 50 வரை குறைந்த அழுத்தம், 51 முதல் 75 வரை நடுத்தர அழுத்தம், அதற்கு மேல் கடும் அழுத்தம். அங்கே 72 என்றால் நடுத்தரம். இன்னொரு பிராண்டில் அதே 72க்கு வேறு பொருள் இருக்கலாம். நண்பரின் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுவதில் பயனில்லை என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே

பட்டையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிறிய பச்சை விளக்குகள் மின்னும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியின் அளவும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைக் கண்டுபிடிக்கிறது கருவி.

மன அழுத்தக் கணக்குக்குத் துடிப்பின் எண்ணிக்கை மட்டும் போதாது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் சரியாக ஒரு நொடிக்கு ஒன்று என்று இதயம் துடிப்பதில்லை. ஒரு இடைவெளி 0.94 நொடி இருக்கும், அடுத்தது 1.05 நொடி இருக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது மெதுவாகும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு ‘இதயத் துடிப்பு மாறுபாடு’ என்று பெயர். கருவிகளின் செயலியில் ஹெச்.ஆர்.வி. என்று வரும்.

இந்த மாறுபாட்டை ஆள்பவை இரண்டு வகை நரம்புகள். ஆபத்து நேரத்தில் உடலை முடுக்கிவிடுபவை பரிவு நரம்புகள். சாப்பிட்டு ஓய்வெடுக்கும்போது உடலைத் தணிப்பவை எதிர்ப்பரிவு நரம்புகள். தணிக்கும் நரம்புகள் நன்றாக வேலை செய்யும்போது மாறுபாடு பொதுவாக அதிகமாக இருக்கும். முடுக்கும் நரம்புகளின் கை ஓங்கும்போது குறையும். மனக்கவலையும் அதைக் குறைக்கும். விளம்பரங்கள் சொல்வது இதுவரைதான்.

மீதியை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதே மாறுபாட்டைக் காய்ச்சலும் குறைக்கும், முந்தைய இரவின் மதுவும் குறைக்கும், தூக்கம் கெட்டாலும் குறையும். வயது ஏற ஏறத் தானாகவே குறைந்துகொண்டு வரும். பெண்களுக்கு மாதச் சுழற்சியின் பின்பாதியில் ஓய்வுநிலைத் துடிப்பு சற்றுக் கூடி, மாறுபாடு குறைவது இயல்பு. இதைச் சொல்லாத செயலி மாதாமாதம் பல நாட்கள் ஒரு பெண்ணைக் காரணமின்றிப் பயமுறுத்தும். மனச்சோர்வுக்குத் தரப்படும் சில பழைய வகை மருந்துகளும் மாறுபாட்டைக் குறைப்பவை. படபடப்புக்காக மருத்துவர் தரும் ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரைகள் துடிப்பையே இறக்கிவிடும். மாலை நாலு மணிக்கு ஒரு டபரா ஃபில்டர் காபி குடித்தாலும் எண் அசையக்கூடும்.

ஆகவே பட்டைக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. வாசலில் நிற்பது யார் என்று அதற்குத் தெரியாது. சில்க் போர்டு சந்திப்பில் பஸ்ஸுக்குள் நின்று வியர்க்கும்போதும், குழந்தைக்கு முதல் பரிசு கிடைத்ததைக் கேட்டுத் துள்ளும்போதும் அது ஒரே எண்ணைக் காட்டலாம். யார் வந்தது என்பதைச் சொல்ல வேண்டியவர் பட்டை அணிந்திருக்கும் நீங்கள்தான். நல்ல கருவி அதற்கு இடம் கொடுக்கும். மோசமான கருவி தானே தீர்ப்புச் சொல்லிவிடும். வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

வியர்வையை அளக்கும் சென்சார் இன்னொரு வகை. பதற்றத்தில் உள்ளங்கை ஈரமாவது நமக்குத் தெரிந்ததே. அந்த ஈரத்தால் தோலின் மின்கடத்தும் தன்மை மாறுவதை அது பதிவு செய்கிறது. ஃபிட்பிட் 2020இல் சென்ஸ் என்ற கடிகாரத்தில் இதைக் கொண்டுவந்தது. ஏப்ரல் மாத வெயிலிலும், கூட்ட நெரிசலிலும், மாடிப்படி ஏறிய பிறகும் தோல் ஈரமாகத்தான் இருக்கும். இந்த ஒரு சென்சாருக்காகவே அதிகப் பணம் தர வேண்டாம் என்பது என் கருத்து.

இரவைப் பாருங்கள்

பகலில் எண்கள் குழம்பிக் கிடக்கின்றன என்றால் எதை நம்புவது? இரவை. தூங்கும்போது நடை இல்லை, காபி இல்லை, மேலாளரின் அழைப்பு இல்லை. உடல் அசையாததால் ஒளிச் சென்சாரும் தெளிவாக வேலை செய்யும். மன அழுத்தம் தொடரும்போது பெரும்பாலும் முதலில் கெடுவதும் தூக்கம்தான். படுத்தும் தூக்கம் வராமல் புரள்வது, விடியுமுன்னே விழித்துக்கொள்வது, அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது ஆகிய மூன்றும் மருத்துவர்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளும் அறிகுறிகள்.

எத்தனை மணிக்குத் தூங்கினோம், எத்தனை மணிக்கு எழுந்தோம், மொத்தம் எவ்வளவு நேரம் என்பதைத் தரமான கைப்பட்டைகள் ஓரளவு நன்றாகவே சொல்கின்றன. ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம், கனவுத் தூக்கம் இத்தனை நிமிடம் என்று வண்ணப் படம் போட்டுக் காட்டுவதை அவ்வளவு நம்ப வேண்டாம். அதைச் சரியாக அறியத் தலையில் மின்முனைகளை ஒட்டி, தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவு படுக்க வேண்டும். கண்ணை மூடி அசையாமல் விழித்திருக்கும் நேரத்தையும் பட்டை தூக்கம் என்று எழுதிவிடும். தூக்கம் வராமல் தவிப்பவருக்கு இது பெரிய குறை. ‘ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறீர்கள்’ என்று அது சொன்னாலும், உங்கள் உடம்பு இல்லை என்று சொன்னால் உடம்பை நம்புங்கள்.

தூக்க ஸ்கோரைத் துரத்திப் போய்த் தூக்கத்தைத் தொலைத்தவர்களும் உண்டு. 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த நிலைக்கு ‘ஆர்தோசோம்னியா’ என்று பெயரிட்டு எழுதினார்கள். கருவியின் எண்ணை உயர்த்துவதற்காகக் கூடுதல் நேரம் படுக்கையில் கிடப்பதும், காலையில் எண்ணைப் பார்த்த பிறகே களைப்பாக உணர்வதும் அதன் இயல்பு.

இரவில் அணியப் போகிறோம் என்று முடிவானதும் தேர்வு பாதி எளிதாகிவிடும். பெரிய திரையுள்ள கனமான கடிகாரத்தை எத்தனை பேர் தூக்கத்தில் அணிவார்கள்? சில நாட்களில் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்கள். ஆப்பிள் வாட்ச் பல ஆண்டுகளாக 18 மணி நேர பேட்டரி என்று சொல்லியே வந்தது. இப்படித் தினமும் சார்ஜ் செய்ய வேண்டிய கருவி, சார்ஜ் ஆகவேண்டிய நேரத்தில் உங்கள் தூக்கத்தைத் தவறவிடும். பட்டை வடிவக் கருவிகள் பல ஒரு வாரத்துக்கு மேல் தாங்குகின்றன. மோதிர வடிவில் வருபவை சில நாட்கள் தாங்கும், இரவில் உறுத்தாது, திரையே இல்லாததால் பகலில் தொந்தரவும் இல்லை. அப்படி ஒரு மோதிரத்தைச் செய்யும் அல்ட்ராஹியூமன் பெங்களூர் நிறுவனம். அடிப்படைப் பயன்பாட்டுக்கு அது சந்தா கேட்பதில்லை. பின்லாந்தின் ஔரா மோதிரமும், வூப் என்ற திரையில்லாத பட்டையும் சந்தாவோடு வருபவை. மோதிரத்தின் விலை பட்டையைவிடப் பல மடங்கு என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் பட்டையைத்தான் பரிந்துரைப்பேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலும் மான்யதா டெக் பார்க்கிலும் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்கிறவர்கள் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சில கருவிகள் இரவு 10 முதல் காலை 6 வரை தூங்குவதுதான் தூக்கம் என்று நினைக்கின்றன. பகல் பதினோரு மணிக்குப் படுத்து ஆறு மணி நேரம் தூங்கினால் அதைக் குட்டித்தூக்கம் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, ‘நேற்றிரவு தூங்கவே இல்லை’ என்று குற்றம் சாட்டும். தூக்க நேரத்தை நாமே மாற்றியமைக்கும் வசதி இருக்கிறதா, பகல் தூக்கத்தை முழுத் தூக்கமாக ஏற்குமா என்று கடையில் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அந்த மாடலின் கையேட்டை இணையத்தில் தேடிப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஒரு கையில் பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, இறுக்காமல் அணியுங்கள். மறு கையின் நாடியை இரண்டு விரலால் தொட்டு முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் இருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். கருமையான சருமத்தில் பச்சை ஒளி கூடுதலாக உறிஞ்சப்படும். பச்சை குத்தியிருந்தால் அந்த மையும் குறுக்கிடும். சருமத்தின் நிறத்தால் பிழை எவ்வளவு கூடுகிறது என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. அதனால் உங்கள் கையில் அது எப்படி வேலை செய்கிறது என்று நீங்களே பார்ப்பதுதான் சரி. ஓய்வுத் துடிப்பிலேயே தடுமாறும் பட்டை மாறுபாட்டைச் சரியாகச் சொல்ல வாய்ப்பே இல்லை. துடிப்பின் இடைவெளியை நொடியின் நூற்றில் ஒரு பங்குக்கும் நுட்பமாகப் பிடிக்க வேண்டிய வேலை அது.

விலை குறைந்த உள்நாட்டு பிராண்டுகளை ஒதுக்க வேண்டியதில்லை. டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஃபாஸ்ட்ராக் என்ற பெயரில் குறைந்த விலையில் கடிகாரங்கள் தருகிறது. நாய்ஸ், போட் போன்றவையும் இருக்கின்றன. நடை, தூங்கிய நேரம், ஓய்வுத் துடிப்பு ஆகிய மூன்றுக்கும் இவற்றில் பல போதும். ஆனால் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் போக்கைக் காட்டும் படம் செயலியில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய எண்ணை மட்டும் பளிச்சென்று காட்டிவிட்டுப் பழையதை மறந்துவிடும் செயலி மனநலத்துக்கு உதவாது. ஒரு நாள் எண் எதையும் சொல்வதில்லை. நாலு வாரமாக ஓய்வுத் துடிப்பு ஏறிக்கொண்டும் தூங்கும் நேரம் பின்னே தள்ளிக்கொண்டும் போனால் அது கவனிக்க வேண்டிய செய்தி.

அதோடு, அன்றைய மனநிலையை நாமே குறித்துவைக்க இடம் வேண்டும். ஆப்பிள் 2023இல் தன் கடிகாரத்தில் இந்த வசதியைச் சேர்த்தது. வேறு செயலிகளிலும் இருக்கிறது. ‘அம்மாவோடு சண்டை’, ‘வாடகை உயர்ந்தது’, ‘நண்பர்களோடு கப்பன் பார்க் நடை’ என்று தமிழிலேயே தட்டச்சு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. மூன்று வாரம் கழித்து எண்களையும் குறிப்புகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உங்கள் உடம்பின் பழக்கம் உங்களுக்குப் புரியும். இந்த வசதி இல்லாவிட்டாலும் பட்டையைக் குறை சொல்ல வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மூச்சுப் பயிற்சிக்கு வழிகாட்டும் வசதி பலவற்றில் வந்துவிட்டது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் மெதுவாக விடும்போது துடிப்பு மாறுபாடு கூடுவது உறுதியாகத் தெரிந்த ஒன்று. பிராணாயாமம் தெரிந்தவருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. தெரியாதவருக்கு மணிக்கட்டில் மெல்ல அதிர்ந்து நேரம் காட்டும் பட்டை உதவியாக இருக்கும்.

நடைக் கணக்கைப் பற்றி ஒரு சொல். 10,000 அடி என்ற இலக்கு 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் விற்பனைப் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உடலசைவு நல்லது என்பதால், நிமிடங்களில் இலக்கு வைக்க விடும் பட்டையே மேல். அல்சூர் ஏரியைச் சுற்றி வேகமாக நடந்த அரை மணி நேரம் அதில் முழுமையாகச் சேரும். பைக் குலுக்கலை அடிகளாக எண்ணும் பட்டைகளும் உண்டு.

யாருக்கு வேண்டாம்

படபடப்புத் தாக்குதல் வரும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். நெஞ்சு இறுகுகிறது, கை சில்லிடுகிறது, உடனே மணிக்கட்டைப் பார்க்கிறார். 118 என்று இருக்கிறது. அந்த எண்ணே அவரை இன்னும் பயமுறுத்துகிறது, 126 ஆகிறது. திரும்பப் பார்க்கிறார். இதயத்தில் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொல்லி அனுப்பியவருக்கும் இந்தச் சுழல் நிற்பதில்லை. நோய் வந்துவிடுமோ என்று ஓயாமல் சோதிக்கும் இயல்புள்ளவர்களுக்கும், உணவைப் பற்றிய பயத்தில் கலோரி எண்ணுபவர்களுக்கும், ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும் என்ற கட்டாயத்தில் இருப்பவர்களுக்கும் கைப்பட்டை ஒரு புதிய துன்பத்தைத் தரக்கூடும். அவர்கள் சிகிச்சையளிப்பவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அன்பினால்கூடப் பரிசளிக்க வேண்டாம்.

மற்றவர்களும் வாங்கிய அன்றே சில அமைப்புகளை மாற்றிவிடுவது நல்லது. துடிப்பு முகப்பில் தெரியாமல் மறைத்துவிடுங்கள். ‘இப்போது அழுத்தத்தில் இருக்கிறீர்கள்’ என்ற எச்சரிக்கையை அணைத்துவிடுங்கள். அதைக் கேட்டு அமைதியானவர்கள் அரிது. வாட்ஸ்அப் செய்திகள் மணிக்கட்டுக்கு வரவே கூடாது. மனத்துக்காக வாங்கிய கருவி இன்னொரு போனாக மாறுவது அந்த வழியில்தான். ஓயாத போன் பயன்பாட்டிலிருந்து மீள உதவுவதற்கென்றே, பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் 2014இல் ‘ஷட்’ என்ற தனி சிகிச்சைப் பிரிவைத் தொடங்க வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் செயலியைத் திறந்து பார்த்தால் போதும்.

எண்களில் மாற்றம் தெரிந்தால் அடுத்து என்ன? பி.எச்.க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட இலவசப் படிவம் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தீர்களா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்கும். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 என்று ஏழு கேள்விகள். மனச்சோர்வைப் பொறுத்தவரை எந்த சென்சாரைவிடவும் இந்த ஒன்பது கேள்விகள் அதிகம் சொல்லும், காரணம் அவை உங்களையே கேட்கின்றன. விடைகள் கவலை தந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். கன்னடமோ இந்தியோ சரளமாக வராத பெரியவர்களுக்கு இதை அவசியம் சொல்லிவையுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், பட்டையின் போக்கு என்ன என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே அழையுங்கள்.

ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸுக்கோ வேறு மனநல மருத்துவரிடமோ போகும்போது, கடைசி இரண்டு மாதத் தூக்க நேரப் படத்தைக் கொண்டுபோகலாம். ‘எப்போதிலிருந்து தூக்கம் சரியில்லை’ என்ற கேள்விக்குப் பலரால் சரியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அங்கே இது உண்மையாகவே உதவும்.

இந்தத் தகவல் யாரிடம் போகிறது

மனநல மருத்துவரிடம் நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. அது சிகிச்சை தருபவர்களுக்கான கடமை. கைப்பட்டையின் செயலியில் ‘இன்று அழுதேன்’ என்று நீங்கள் எழுதுவது ஒரு வணிக நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தகவலை அழிக்கக் கேட்கவும் வகை செய்கிறது. ஆனால் உடல்நலத் தகவலுக்கென்று அதில் தனி வகை கிடையாது. ஆகையால் வாங்குமுன் செயலியின் அமைப்புகளில் இரண்டைத் தேடுங்கள்: என் தகவல் முழுவதையும் நானே இறக்கிக்கொள்ள முடியுமா, கணக்கோடு சேர்த்து அழிக்க முடியுமா? இரண்டும் இல்லாத பிராண்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நிறுவனமே ஊழியர் நலத்திட்டத்தில் இலவசமாகப் பட்டை தந்தால் இன்னும் கவனம் வேண்டும். யார் எத்தனை அடி நடந்தார்கள் என்ற போட்டியாக அது தொடங்கும். நடையோடு தூக்கமும் அழுத்த ஸ்கோரும் அதே கணக்கின் வழியாகப் போகின்றனவா, தனி ஆளின் எண்ணை மேலாளரோ காப்பீட்டு நிறுவனமோ பார்க்க முடியுமா, வேலையை விட்டால் பழைய தகவல் என்ன ஆகும் என்று மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். வராவிட்டால் பட்டையை வாங்கிக்கொண்டு, அலுவலகக் கணக்கை அதில் இணைக்காமல், சொந்த மின்னஞ்சலில் புதிய கணக்கு தொடங்கிப் பயன்படுத்துங்கள். அதற்கு அனுமதி இல்லை என்றால், போட்டி நடக்கும் நாட்களில் மட்டும் அணிந்து நடந்துவிட்டு, இரவில் கழற்றி வைத்துவிடுங்கள்.